சந்தேக டீச்சரின் ஒளிப்பாடம்

பாடம் முடிந்ததும் "சந்தேகம் இருக்கா? இருந்தா கேளுங்க" என்று மூன்று முறை கேட்காமல் அவர் வகுப்பை விட்டதே இல்லை. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் சந்தேக டீச்சர். ஆசிரியர் அறையிலும் அதே பெயர்தான் ஓடியது, ஆனால் அங்கே காரணம் வேறு. சாக்பீஸ் பெட்டியில் ஒரு துண்டு குறைந்தால் எடுத்தது யார், தேநீரில் சர்க்கரை குறைந்தால் குறைக்கச் சொன்னது யார், சன்னலோரம் இரண்டு பேர் சிரித்தால் அது யாரைப் பற்றி என்று துருவித் துருவிப் பார்க்கிற மனுஷி. இருபத்தோரு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள், சோதிக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது என் தொழில் தர்மம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தத் தர்மம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் பல தடவை நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்தத் தடவை சந்தேகம் போய் விழுந்தது வீடியோ சார் மேல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தப் பள்ளியில் அறிவியல் பாடங்களை வீடியோவாக எடுக்க ஆரம்பித்தார்கள். ஆய்வகத்துக்குப் பின்னால், உடைந்த குடுவைகளும் ஒரு கை போன எலும்புக்கூடும் கிடந்த சாமான் அறையைக் காலி செய்து, சத்தம் எதிரொலிக்காமல் இருக்க சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினார்கள். எலும்புக்கூட்டை மட்டும் வைக்க வேறு இடமில்லை, அது மூலையிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவு நடக்கும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். பத்து நிமிஷப் பாடத்தைப் பேசி முடிப்பதற்குள் டீச்சருக்கு முதுகெல்லாம் நனைந்துவிடும். இருந்தாலும் தன் முகமும் குரலும் பிள்ளைகள் கையிலிருக்கும் டேப்லெட் வரைக்கும் போகின்றன என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீடியோ சாருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இருபத்தைந்து வருஷம் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்தவர். ஆளாளுக்குக் கையில் கேமராவோடு போன் வந்த பிறகு அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. பள்ளியில் அவருடையது தற்காலிக வேலை. வருஷா வருஷம் தலைமை ஆசிரியை ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. பழைய பழக்கம் அவரை விடவில்லை. செல் பிரிதல் பாடத்தில் ஒரு செல் இரண்டாகும் இடத்தில் இதய வடிவம் ஒன்று விரிந்து மறைய, டீச்சர் பிடித்துக் கத்தியதில் மனுஷன் ஒரு வாரம் தலை நிமிரவில்லை. மற்றபடி அதிர்ந்து பேசாதவர், நேரத்துக்கு வருகிறவர், கேட்டதைச் செய்கிறவர். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருக்க முடியுமா என்பதுதான் டீச்சருக்கு விழுந்த முதல் சந்தேகம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். டீச்சர் பேசுவார். வீடியோ சார் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, படங்கள் சேர்ப்பார். சாயங்காலம் நான்கு மணிக்கு டீச்சர் ஒரு தடவை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை ஒரு மென்பொருளே குரலைக் கேட்டு எழுதிவிடும். அதை விற்க வந்தவன், தானாக வரும், கையே வைக்க வேண்டாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். டீச்சர் நம்பினார். வாழ்க்கையில் அவர் சோதிக்காமல் நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

அப்படியிருக்க, ஒரு நாள் தற்செயலாகப் பாடங்களின் பட்டியலைப் பார்த்தபோது அவருக்கு மூக்கு வேர்த்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே கடைசியாகத் திருத்திய நேரம் இருந்தது. ஐந்தே முக்கால், ஆறே கால், ஆறரை. நான்கு மணிக்கு முடிந்துபோன பாடத்தை ஆறரை மணி வரை திறந்துவைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்கிறார்? அன்றிலிருந்து அவர் அந்த அறையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். கதவைத் திறந்தால் வீடியோ சார் திரையில் இருந்ததைச் சட்டென்று மூடினார். என்ன சார் பார்க்கிறீங்க என்று கேட்டால் ஒன்றுமில்லை டீச்சர் என்றார். ஒன்றுமில்லாததை எதற்கு மூட வேண்டும்?

ஊரில் புதிதாக ஒரு டியூஷன் சென்டர் வந்திருந்தது. அங்கேயும் வீடியோவில்தான் பாடம் நடத்துகிறார்களாம். டீச்சர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். கணவரிடம் சொன்னபோது அவர், பாடப்புத்தகம் கடையில் கிடைக்கிறது, அதை எதற்குத் திருட வேண்டும் என்று கேட்டார். உங்களுக்கு மாத்திரை எண்ண மட்டும்தான் தெரியும் என்று அவர் வாயை அடைத்தாயிற்று.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் போதுதான் விஷயம் முற்றியது. டீச்சர் உயிரைக் கொடுத்துத் தயாரித்த பாடம் அது. எட்டாம் வகுப்புக்கு இந்த முறை கரும்பலகையே கிடையாது, முழுக்க வீடியோவும் செய்முறையும்தான், அது எடுபட்டால் மற்ற வகுப்புகளுக்கும் அப்படியே என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். பதிவு முடிந்த மறுநாள் சாயங்காலம், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த டீச்சர் அந்த அறைக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. ஒரே சொல்.

"ஒளி." கொஞ்ச நேரம் அமைதி. "ஒளி." மறுபடி அமைதி. "ஒளி, ஒளி, ஒளி."

தன் குரலை ஒருவன் தனியாக உட்கார்ந்து துண்டு துண்டாக அறுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கேலி செய்கிறாரா, இந்தக் குரலை வைத்து வேறு பாடம் உண்டாக்குகிறாரா, இல்லை வேறு ஏதாவதா? குடையை எடுக்காமலே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். சண்டை என்றால் ஆகாது, சமாதானம் என்றால் எதற்கும் தலையாட்டுவார். டீச்சர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இனிமேல் பாடங்கள் டீச்சரின் கடவுச்சொல்லில் மட்டும் திறக்கும், படம் வெட்டி முடித்ததும் வீடியோ சாரின் வேலை முடிந்தது என்று அப்போதே உத்தரவு போட்டார். வீடியோ சாரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டீச்சர், கீழ ஓடற எழுத்த மட்டும் நான் ஒரு தடவை பாத்துடறேனே?"

"அது தானா வரும் சார். நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரிய மேடத்தைப் பார்த்து, பிறகு பேசாமல் போய்விட்டார். பார்த்தீங்களா, பிடி விட மனசு வரவில்லை என்று டீச்சர் சொன்னார். பெரிய மேடம் தலையாட்டினார்.

ஒளிச்சேர்க்கைப் பாடம் டீச்சரின் சொந்தக் கடவுச்சொல்லில், யார் கையும் படாமல் வெளியே போனது. போவதற்கு முன்னால் ஒரு தடவை முழுதாகப் பார்த்து ரசித்தார். இலைக்குள் பச்சை மணிகள் மினுங்குவது, அயோடின் பட்டதும் இலை கருநீலமாவது, எல்லாம் கச்சிதம். கீழே ஓடும் எழுத்தை அவர் படிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே எதற்குப் படிக்க வேண்டும்?

ஆனால் பிள்ளைகள் படித்தார்கள். படிக்க மட்டும்தான் செய்தார்கள். பள்ளியில் இருந்த நாற்பது ஹெட்போனில் முப்பத்தைந்தின் வயரைக் கடித்தே பாழாக்கியிருந்தார்கள். நூலகத்தில் சத்தம் கூடாது. எட்டாம் வகுப்பு மொத்தமும் சத்தத்தை அணைத்துவிட்டு, டீச்சர் ஊமைப் படத்தில் வருகிறவர் மாதிரி கையை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கீழே ஓடியதை நோட்டில் எழுதிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து வந்த தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்த டீச்சர் முதல் தாளில் சிரித்தார். 'தாவரங்கள் ஒலியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன.' சரி, ஏதோ ஒரு கழுதை ல, ள தெரியாமல் எழுதியிருக்கிறது. இரண்டாவது தாளிலும் ஒலி. மூன்றாவதிலும் ஒலி. முப்பத்தெட்டுத் தாளில் முப்பத்து நாலில் செடிகள் சத்தத்தைச் சாப்பிட்டு வளர்ந்தன. ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், இரவில் ஊர் அடங்கிவிடுவதால் அப்போது ஒலிச்சேர்க்கை நடப்பதில்லை என்று விளக்கமே எழுதியிருந்தான்.

கூட்டாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தார். யார் யாருக்குக் காட்டியது என்று வகுப்பை நிற்கவைத்து விசாரித்தபோது ஒரு பெண் கையைத் தூக்கி, தான் யாரையும் பார்த்து எழுதவில்லை, வீட்டில் செய்தே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அப்பாவின் போனில் படமும் பிடித்திருந்தாள். வீடியோவில் சொன்னபடி இரண்டு தொட்டிச் செடி. ஒன்றை, ஒலி படும் இடம் வேண்டுமே என்று, தெருவைப் பார்த்த சன்னலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றதை, ஒலி படக் கூடாதே என்று, துணி அலமாரிக்குள் வைத்துப் போர்வையை அடைத்துச் சாத்தினாள். ஏழாம் நாள் சன்னல் செடி செழிப்பாக நின்றது, அலமாரிச் செடி வெளிறித் தொங்கியது. ஆகவே செடிக்கு ஒலி அவசியம் என்று நிரூபணம் ஆகிறது என்று அவள் கேமராவைப் பார்த்துக் கணீரென்று முடித்திருந்தாள்.

சோதனை முறையில் குறை சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. டேப்லெட்டை வாங்கித் தன் பாடத்தைப் போட்டுப் பார்த்தார். கீழே எழுத்து ஓடியது. ஒலிச்சேர்க்கை. சூரிய ஒலி. ஒலி படும் இடத்தில் ஒரு செடி. முதலிலிருந்து கடைசி வரை, ஒரே ஒரு இடம் தவிர, எல்லாம் ஒலி.

வேறு யார் செய்திருப்பார்கள்? கடவுச்சொல்லைப் பிடுங்கியதற்குப் பழிவாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டீச்சர் நடுவில் நின்று போட்டு உடைத்தார். இத்தனை நாள் பாடத்தைத் திருடினார், இப்போது பாடத்தையே கெடுத்துவிட்டார் என்றார்.

"நல்லவர் மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரியறாரே, அவர் கள்ளன். சரியான கள்ளன்."

எட்டுப் பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். தமிழ் சார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எப்போதும் டீச்சர் பேசினால் கண்ணை மூடிக்கொள்கிறவர்தான். டீச்சர் அதே சூட்டோடு ஒரு கடிதம் எழுதிப் பெரிய மேடத்திடம் கொடுத்தார். பெரிய மேடம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு, திங்கட்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதத்தோடு போகட்டும், நீங்கள் மட்டும் ஆதாரத்தைக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

ஆதாரம் எடுக்கத்தான் சனிக்கிழமை காலை டீச்சர் தனியாகப் பள்ளிக்கு வந்தார். அந்த மென்பொருள் யார் எந்த எழுத்தைத் தொட்டாலும் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலுமாகக் கணக்கு வைக்கும். முதலில் ஒளிச்சேர்க்கையைத் திறந்தார். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. குரலைக் கேட்டு எழுதியது எழுதியபடியே இருந்தது, யாரும் தொடவில்லை. தடயத்தை அழித்திருக்கிறார், கெட்டிக்காரர்தான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். பழைய பாடங்களைத் திறந்தார். அங்கே கொட்டிக்கிடந்தது.

'மனித மூலை' சிவப்பில், 'மனித மூளை' பச்சையில். 'கம்பியின் நீலம் பத்து சென்டிமீட்டர்' சிவப்பில், 'நீளம்' பச்சையில். 'சூரியனைச் சுற்றும் எட்டுக் கோல்கள்' கோள்களாகியிருந்தன. தோல்பட்டை தோள்பட்டையாகியிருந்தது. துகல், பல்லம், வெல்லி, கொல்லலவு. ஒவ்வொன்றாக, பாடம் பாடமாக, இரண்டு வருஷமாக. நேரம் ஐந்தே முக்கால், ஆறே கால், ஆறரை. திருத்தியவர், வீடியோ.

டீச்சர் அதை இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். இந்த மென்பொருள் ஒன்றுக்கும் உதவாது என்பதுதான் முதலில் தோன்றியது. பிறகு பக்கத்திலேயே இருந்த ஒரு கோப்புறையைப் பார்த்தார். அதன் பெயர் 'டீச்சர் நல்லவை'. உள்ளே ஒரு நொடி, இரண்டு நொடி ஒலித்துண்டுகள். 'நல்ல நீளம்.' 'நல்ல வெள்ளி.' 'நல்ல ஒளி, 62ல் ஒன்று.' கடைசியில் வெறும் குறிப்பு ஒன்று, 'மூளை, இன்னும் கிடைக்கல'.

நல்ல ஒளியைத் தட்டினார். "ஒளி" என்றது அவருடைய குரல். பாடத்தில் இருந்த மற்றொரு ஒளியைத் தட்டினார். அதுவும் ஒளி என்றுதான் கேட்டது. இதில் எது நல்லது, எது கெட்டது? பைத்தியமா இந்த மனுஷனுக்கு? மறுபடி தட்டினார். மாற்றி மாற்றித் தட்டினார். பன்னிரண்டாவது தடவையோ பதின்மூன்றாவதோ, காதில் ஏதோ அடைப்பு விட்ட மாதிரி ஆயிற்று. ஒன்றில் நாக்கு மேலே மடங்கித் தொட்டது. மற்றதில் மடங்கவே இல்லை, பல்லுக்குப் பின்னால் சோம்பேறித்தனமாக ஒட்டிக்கொண்டு எழுந்தது. ஒளி. ஒலி. ஒலி. ஒலி.

அப்போதும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. குரலையே மாற்றியிருக்கலாம் அல்லவா? வீட்டுக்குப் போனதும் அடுக்களையில் நின்றுகொண்டு போனில் பேசினால் எழுதும் வசதியைத் திறந்து ஒளி என்றார். ஒலி என்று எழுதியது. பத்து தடவை சொன்னார், பத்து ஒலி. கணவரைக் கூப்பிட்டு, இதில் ஒளி என்று சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னார். ஒளி என்று எழுதியது. கணவர் போனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு நாள் பேசல நீ. அப்புறம் எனக்கும் பழகிடுச்சு."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் கேட்ட ஒளி, ஒளியெல்லாம், அறுபத்திரண்டில் சரியாக விழுந்த ஒன்றைத் தேடி மற்ற இடங்களில் ஒட்டுவதற்குத்தான். இருபத்தோரு வருஷம். வகுப்பில் சொன்னதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னதால் தப்பித்திருக்கிறது. எழுத்தில் அவர் ஒருநாளும் பிசகியதில்லை. அப்படியானால் எத்தனை பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்திருக்கும்? சன்னலோரம் சிரித்தவர்கள்? கண்ணை மூடிக்கொண்ட தமிழ் சார்? ஊரே சேர்ந்து ஒளித்துவைத்துவிட்டது, சோதிக்காமல் எதையும் நம்பாத தன்னிடமே. அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. ஒரு ஆள்கூடவா வாய் திறந்து சொல்லவில்லை? அடுத்தபடியாக, யாராவது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேனா என்பதும் தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது.

இன்னொரு எண்ணமும் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். கடிதம் கொடுத்தாயிற்று. பெரிய மேடம் இந்தச் சிவப்பையும் பச்சையையும் ஒருநாளும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை. வீடியோ சார் வாய் திறக்கிற ரகம் இல்லை. திங்கட்கிழமை ஆதாரம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், தன் நாக்கு தன்னோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டீச்சர் அந்த எண்ணத்தோடு சாப்பிட்டார், துணி மடித்தார். நடுநடுவே கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடக்கி ஒளி, ஒளி என்று சொல்லிப் பார்த்தார். தாடை வலித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை வீடியோ சார் பெரிய மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. காலடியில் ஒரு பை, அதில் அவருடைய சொந்த ஹெட்போன் எட்டிப்பார்த்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த ஆசிரியர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கணக்கு டீச்சர் மேசை மேல் வைத்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டதைச் சந்தேக டீச்சர் பார்த்தார். வெள்ளிக்கிழமை தான் சொன்ன சொல் எங்கே போய் நிற்கிறது என்று அவருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

பெஞ்சில் வீடியோ சாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்று மெல்லக் கேட்டார். வீடியோ சாருக்கு எதைப் பற்றிய கேள்வி என்று உடனே புரிந்துவிட்டது. 

"கல்யாண வீடியோவுல, வீட்டுக்காரங்க பாத்தா சங்கடப்படற இடம்னு ஒண்ணு இருக்கும் டீச்சர். யாராவது தடுக்கி விழுவாங்க, யாராவது சண்ட போடுவாங்க. அத வெட்டி எடுத்துடுவோம். எடுத்தோம்னு சொல்ல மாட்டோம். சொல்லிட்டா எடுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

டீச்சர் எழுந்து உள்ளே போனார்.

பெரிய மேடம் தட்டச்சு செய்த உத்தரவை இரண்டு பிரதி எடுத்துவைத்திருந்தார். டீச்சர் அச்செடுத்துக் கொடுத்த சிவப்பு, பச்சைத் தாள்களைப் புரட்டிவிட்டு, இதில் அவர் எல்லாவற்றையும் சரியாகத்தானே மாற்றியிருக்கிறார் என்று நெற்றியைச் சுருக்கினார். டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டார். நாக்கை மடக்கினார்.

"மேடம், எனக்கு ல வராது."

"ல நல்லாத்தானே வருது உங்களுக்கு?"

"அந்த ல இல்ல மேடம். பல்லிக்கூடத்துல வர்ற ல."

பெரிய மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாள்களைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்து, அது வரக் கூடாத இடம் என்று தெரிந்து, அப்படியே இரக்கமாக மாறியது. இரக்கம்தான் டீச்சருக்கு அதிகமாகச் சுட்டது. உத்தரவின் இரண்டு பிரதியையும் பெரிய மேடம் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் வேலையில் இருக்கட்டும், நீங்கள் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், நான் ஃபைலில் வைத்துக்கொள்கிறேன், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

நல்ல யோசனைதான். டீச்சருக்கு ஒரு நிமிஷம் உயிர் திரும்பி வந்தது. வெளியே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர் நினைவுக்கு வந்தார்.

"எழுதினா என் எழுத்துல தப்பே வராது மேடம். வாயாலதானே சொன்னேன். வாயாலயே சொல்லிடறேன்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பதிவேட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க என்றார். வீடியோ சார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"வெல்லிக்கிழமை இவரப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன்."

அவருக்கே கேட்டது. இனிமேல் எப்போதும் கேட்கத்தான் போகிறது. அடுத்து வர வேண்டிய சொல்லிலும் அந்த ள இருந்தது. திருடன் என்று சொல்லிவிடலாம், அதில் நாக்கு இடறாது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அன்றைக்குச் சொன்னது அந்தச் சொல் இல்லை.

"இவர் கல்லன் இல்ல."

விளையாட்டு சாருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருமலாக்கி மறைத்தார். டீச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது. விளையாட்டு சார் பக்கமே திரும்பி நின்று இன்னொரு தடவை, நிறுத்திச் சொன்னார்.

"இவர் கல்லன் இல்ல. பாடத்தக் கெடுத்தது என் நாக்கு. ரெண்டு வருஷமா தினமும் ரெண்டு மணி நேரம் உக்காந்து, யாருக்கும் தெரியாம அத சரி பண்ணிக் குடுத்தவர் இவர். நான்தான் அவர உல்ல விடாம கதவ சாத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. தமிழ் சார் இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கணக்கு டீச்சர் தோளிலிருந்து பையை இறக்கி மேசையில் வைத்தார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். கடைசியில் அந்த இடத்தில் இரண்டு பேர்தான் நின்றார்கள்.

"இந்த இடத்த நான் எடுத்திருப்பேன் டீச்சர்," என்றார் வீடியோ சார்.

"தெரியும் சார்," என்றார் டீச்சர். "எடுக்க வேணாம். இருக்கட்டும்."